உபகாரியின் இடம்

ஒரு பெண்ணின் படிப்புக்குப் பொருள் உதவியவருக்கு அவளுடைய வாழ்வின்மீது எவ்வளவு பாத்தியதை உண்டு என்பது, வித்தியாதானத்தின் மகிமையை மேடைதோறும் பேசுகிற நம்மில் அநேகர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத் துணியாத கேள்வி. குலசேகரன்பட்டினத்தை ஒட்டிய கடற்கரை ஊர் ஒன்றில், உதவித்தொகை வழங்கும் விழாவில், பதினாறு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆளகலம் இருந்த அட்டைக் காசோலையின் ஒரு முனையைப் பிடித்து நின்றதைக் கண்டேன். "இங்கே பாரும்மா" என்று படம் பிடிப்பவர் திரும்பத் திரும்பச் சொல்லியும் அவள் பார்வை தரையைவிட்டு எழவில்லை. தொகை ஐயாயிரம் ரூபாய். அதற்கு அவள் அன்று கொடுத்த விலையை எவரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

நம் திருநெல்வேலிச் சீமையிலேயே இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்று உண்டு. பாளையங்கோட்டையில் 1895இல் உருவான சாராள் தக்கர் கல்லூரி யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த ஆங்கிலேய அம்மையார் இந்திய மண்ணை மிதித்ததே இல்லை. தேக நலம் குன்றியிருந்த அவர், சென்னையில் சி.எம்.எஸ். சங்கப் பாதிரியாராக இருந்த தம் சகோதரர் ஜான் தக்கர் வாயிலாகவே இப்பக்கத்துப் பெண்களின் நிலைமையை அறிந்து, சிநேகிதிகளோடு சேர்ந்து பணம் திரட்டி அனுப்பினார். கடாட்சபுரத்தில் தொடங்கிய ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி அப்படித்தான் வேர்பிடித்தது. மதம் பரப்பும் நோக்கமும் அவ்வுபகாரத்தினுள் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் எந்தப் பெண்ணையும் அவர் தம் முன் நிறுத்தி நன்றி சொல்லக் கேட்கவில்லை. படித்து முடித்தவள் வேலைக்குப் போகாமல் நிக்காஹ் முடித்துத் துபாய்க்குப் போய்விட்டாள், நம் பணம் வீணாயிற்று என்று அங்கலாய்க்கிற இக்காலத்து உபகாரிகளுக்கு அந்தத் தூரம் வாய்க்கவில்லை.

ஆனால் தூரத்திலிருந்து கொடுப்பது மட்டும் போதுமா என்றால், போதாது என்றே சொல்வேன். இவ்வட்டாரத்தில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. திருச்செந்தூரில் கோவிந்தம்மாள் ஆதித்தனார் மகளிர் கல்லூரியும், அதைத் தாண்டினால் காயல்பட்டினத்தில் வாவு வஜீஹா வனிதையர் கல்லூரியும் இருக்கின்றன. பணத்துக்கும் வழி அடியோடு அடைபட்டுவிடவில்லை: ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மையினர் உதவித்தொகையை மத்திய அரசு 2022இல் நிறுத்திவிட்டபோதிலும், அதே ஆண்டில் மாநில அரசு தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் உயர்கல்வி பயிலும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது; அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் என்றிருந்ததை, உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் 2024 டிசம்பரில் தூத்துக்குடியில் வைத்தே விரிவாக்கினார்கள். இவ்வளவு இருந்தும் பிளஸ் டூ முடித்த பெண் வீட்டோடு நின்றுவிடுகிறாள் என்றால், சங்கதி வேறெங்கோ இருக்கிறது. "படிச்சது போதும்ளா" என்று உம்மா சொல்லும் மே மாதத்து ராத்திரியில், வெளிநாட்டிலிருந்து போனில் பேசும் வாப்பாவும் "உம்மா சொல்றதக் கேளு" என்று முடித்துவிடும்போது, காசோலை வாய் திறந்து பேசுவதில்லை.

மேடைகளில் உற்சாகமூட்ட உதாரணங்களுக்கும் இங்கே குறைவில்லை. இதே குலசேகரன்பட்டினத்தில் அமையும் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு சூரியனை ஆராயச் சென்ற ஆதித்யா எல்1 திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டை அரசுப் பெண்கள் பள்ளியிலும் திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். அவர் பெயரைச் சொல்லி நம் பெண்களை உற்சாகப்படுத்துவது எளிது. அவருடைய தகப்பனார் கணிதப் பட்டம் பெற்ற விவசாயி என்பதை மட்டும் அம்மேடைகளில் சொல்லக் கேட்டதில்லை. அப்படியொரு தகப்பனார் வாய்க்காத பெண்ணுக்கு அந்த ஸ்தானத்தில் நிற்பவர் யார்?

பணம் கொடுத்தவர் நிற்கலாகாது. அவர் சொல்லும் ஆலோசனை எதுவும் கடன்பட்டவளின் காதில் கட்டளையாகவே விழும். அந்த இடம், அதே தெருவிலிருந்து முன்னரே கல்லூரிக்குப் போய்வந்த ஒரு ராத்தாவுக்கு உரியது. எந்த பஸ்ஸில் ஏறினால் மஃரிபுக்குமுன் வீடு திரும்பலாம், வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் என்னென்ன கேட்பார்கள், கல்யாணப் பேச்சு வந்தால் "டிகிரி முடியட்டும்" என்று வீட்டில் யாரைக்கொண்டு சொல்லவைப்பது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தனவந்தர்கள் என் அபிப்பிராயத்தைக் கேட்பார்களானால், கல்விக்கட்டணத்தோடு இத்தகைய ராத்தாக்களுக்கு மாதாமாதம் சம்பளமும் பஸ் செலவும் கொடுங்கள் என்பேன். புண்ணிய காரியம்தானே, சும்மா செய்யட்டுமே என்று இதற்குப் பதில் சொல்பவர்கள், தங்கள் கடைக் கணக்கப்பிள்ளைக்கு ஒரு மாதமும் சம்பளம் நிறுத்தியதில்லை.