பிறர் ஏற்றிய விளக்குகளையும் காத்தவர்

ஆடுதுறைக்கு அருகே, காவிரியின் வடகரையில் இருக்கிறது திருக்கோடிகாவல். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். பத்தாம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, எடுத்துக் கட்டியவர் சோழ அரசி செம்பியன் மாதேவியார். திருப்பணி நடந்தபோது அவர் செய்த ஒரு காரியம் பல நாளாக என் மனத்தை விட்டு அகலவில்லை.

அவருக்கு முன்னே எத்தனையோ பேர் அந்த இறைவனுக்குக் கொடை கொடுத்திருந்தார்கள். பல்லவர் காலத்துக் கொடைகள்கூட அவற்றில் உண்டு. அவற்றைச் சொல்லும் கற்கள் பழசாகி, பயன்படாத நிலையில் இருந்தன. கோயிலையே புதிதாக எழுப்புகிற அரசி, தம் பெயரை மட்டும் வெட்டச் சொல்லியிருந்தால் கேட்பார் யாருமில்லை. அவரோ அந்தப் பழைய எழுத்துகளையெல்லாம் படியெடுக்கச் செய்து, புதிய சுவரில் மறுபடியும் வெட்டுவித்தார். இது பழைய கல்லின் படி என்ற குறிப்போடு அவை இன்றும் அங்கே நிற்கின்றன. யாரோ ஒருவர் எந்தக் காலத்திலோ ஏற்றிவைத்த விளக்கு தம் காலத்தில் அணைந்துவிடக் கூடாது என்று நினைத்த மனம் அது. பக்தி என்பதை நான் அங்கிருந்துதான் புரிந்துகொள்ளத் தொடங்கினேன்.

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் அவரைச் சந்தித்த வாசகர்கள் பலர் இருப்பார்கள். அது கதை. கல்வெட்டுகள் காட்டும் அம்மையார் அதைவிட அமைதியானவர். மழவர் குலத்து மகள். கண்டராதித்த சோழரின் தேவி. உத்தம சோழரைத் திருவயிற்றில் சுமந்தவர். கல்வெட்டுகள் பெரும்பாலும் இப்படி உறவைச் சொல்லித்தான் அவரை அறிமுகப்படுத்துகின்றன.

அவர் வாழ்ந்த காலம் எளிதான காலமன்று. 949-இல் தக்கோலப் போரில் பட்டத்து இளவரசர் இராசாதித்தர் யானை மேலிருந்தபடியே மாண்டார். தொண்டைநாடு சோழர் கைவிட்டுப் போனது. தம்பி கண்டராதித்தர் அரியணை ஏறினார். வாளைவிடத் தில்லைக் கூத்தனிடம் மனம் தோய்ந்தவர் அவர். அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. 957 அளவில் அவரும் மறைந்தார். அரசு கொழுந்தனார் அரிஞ்சயர் வழிக்குப் போயிற்று. மகன் உத்தம சோழர் அரியணை ஏறியது 970-ஐ ஒட்டித்தான். 985-இல் அந்த மகனும் போய்ச் சேர்ந்தார். தாய் இருந்தார்.

கணவரை இழந்த பின் நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார் அவர். மகனுக்குப் பிறகும் பல ஆண்டுகள் இருந்தார். அந்த நாட்களில் அவர் என்ன நினைத்தார், எந்த இரவில் அழுதார் என்று எந்தக் கல்லிலும் எழுதியிருக்காது. கல்லில் இருப்பதெல்லாம் கோயில்கள், நிலங்கள், விளக்குகள். ஆடுதுறை, குத்தாலம், திருமணஞ்சேரி, ஆனாங்கூர், விருத்தாசலம், திருவாரூர் அறநெறி என்று ஊர் ஊராகக் கற்றளிகள் எழுந்தன. ஆடவல்லானான நடராசரின் திருவுருவைக் கோயில் புறச்சுவரின் கோட்டத்தில் வைக்கும் வழக்கம் நிலைபெற்றதும் அவர் எடுத்த கோயில்களில்தான். கணவர் பாட்டில் கண்ட கூத்தனை மனைவி கல்லில் நிறுத்தினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கோனேரிராசபுரத்துக்குப் போனால் இது இன்னும் விளங்கும். பழைய பெயர் திருநல்லம். அங்கே ஒரு கோயிலை அவர் கணவர் பெயரால் கட்டினார். சுவரில் ஒரு சிற்பம்: கண்டராதித்தர் சிவலிங்கத்தின் முன் அமர்ந்து வழிபடுகிறார். கோயிலைக் கட்டுவித்தவர் அம்மையார். வழிபடுகிறவராக இருப்பது கணவர். கட்டுமானத்தைச் செய்து முடித்த ஆலத்தூர் சாத்தன் குணபத்தனின் பெயரும் அங்கே பதிவாகியிருக்கிறது. கணவரையும் கைவினைஞரையும் அவர் மறக்கவிடவில்லை.

நம் வீடுகளிலும் இப்படிப்பட்ட பாட்டிமார் இருந்தார்கள். எந்தத் திதியில் யாருக்குத் திவசம், எந்தக் கோயிலுக்கு யார் என்ன நேர்ந்துகொண்டார்கள் என்பதெல்லாம் அவர்கள் நெஞ்சில்தான் இருக்கும். தாத்தா வேண்டிக்கொண்டு செய்யாமலே போன நேர்த்திக்கடனைப் பாட்டி சிறுகச் சிறுகச் சேர்த்து ஒருநாள் முடித்துவைப்பார். தமக்கென்று கேட்ட வரம் ஒன்றும் இருக்காது. குடும்பத்தில் இருப்பவர்களுக்காகவும் இல்லாதவர்களுக்காகவும் சேர்த்தே அவர் கைகூப்புவார். அந்தக் கைகூப்பலின் பெருமை அவர் போன பிறகுதான் வீட்டுக்குத் தெரிகிறது. திவச நாளைக் கேட்க ஆளில்லாமல் பஞ்சாங்கத்தைப் புரட்டும்போது தெரிகிறது.

செம்பியன் மாதேவியாரின் வீடு அதை அவர் இருக்கும்போதே அறிந்திருந்தது. நாகப்பட்டினத்துக்கு அருகே அவர் பெயராலேயே ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள கயிலாசநாதர் கோயிலில், அவர் பிறந்த சித்திரைக் கேட்டை நாளில் வழிபாடும் அன்னமும் நடக்கக் கொடை எழுதிவைத்தவர்கள் யார் தெரியுமா? உத்தம சோழரின் தேவியர், அம்மையாரின் மருமகள்கள். மாமியாருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழை நான் கேட்டதில்லை. பின்னர் 1019-இல், கொழுந்தனாரின் கொள்ளுப்பேரன் முதலாம் இராசேந்திரன் அதே கோயிலில் அவருக்குத் திருவுருவம் எடுத்து வழிபாட்டுக்கும் வழிசெய்தான். அரசு தம் மகன் வழியில் நிற்காமல் போனபோதும் எல்லாப் பிள்ளைகளையும் தம் பிள்ளைகளாக எண்ணியிராவிட்டால், கிளை மாறிப் பிறந்த ஒருவன் இவ்வளவு நினைத்திருப்பானா?

திருவக்கரையில் சிவலோகமுடையார் கோயிலை அவர் கற்றளியாக்கியது இராசராசனின் 16-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1001-இல். அவர் செய்த பணிகளைப் பற்றிய செய்திகள் அந்த ஆண்டோடு முடிகின்றன. முதுமையின் கடைசிப் படியில் நின்றபோதும் அவர் மனம் அடுத்த கோயிலின் மேல்தான் இருந்திருக்கிறது.

அவருக்குச் செய்யும் கைம்மாறு ஒன்று நம்மிடம் உண்டு. இன்றும் சில இடங்களில் திருப்பணி என்ற பெயரில் சுவரில் மணலை வீசிச் சுத்தம் செய்கிறார்கள். எழுத்து தேய்ந்து போகிறது. சுண்ணாம்பும் வண்ணமும் பூசிப் பெயர்களை மூடுகிறார்கள். உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கினால், முதலில் சுவரைச் சுற்றி வந்து கல்வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படம் எடுத்து வையுங்கள். பொறுப்பில் இருப்பவர்களிடம் சொல்லி அதைக் காப்பாற்றுங்கள். வீட்டில் வயதான அம்மா இருந்தால், அவர் நினைவில் இருக்கும் திதிகளையும் நேர்த்திகளையும் இந்த வாரமே கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.