பழைய காரின் பிரேக் பெடல்

2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் போன்ற பழைய காரில் பிரேக் பெடல் பக்கவாட்டில் ஆடினால், அது சுழலும் அச்சோ, அச்சைச் சூழ்ந்துள்ள 'புஷ்' எனும் உலோகக் குழலோ பெரும்பாலும் தேய்ந்திருக்கும்; தேய்ந்தது அச்சு மட்டுமெனில், ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ உள்ள ஹார்டுவேர் கடையின் போல்ட்டைக் கொண்டே அதைச் சீராக்க இயலும். ஆயினும் போல்ட்டின் மரை புஷ்ஷுக்குள் அமைந்தால், மரையின் முகடுகள் மட்டுமே சுமையைத் தாங்கிப் புஷ்ஷை விரைவில் தேய்த்துவிடுமாதலால், அந்த நீளம் முழுவதும் மரையற்ற தண்டுடையதும், தலையில் 8.8 என்னும் வலிமைக் குறியீடு பொறித்ததுமான போல்ட்டே ஏற்றது. மிதித்த பெடல் மெல்லக் கீழிறங்கினால், கோளாறு பிரேக் எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலோ எண்ணெய்க் கசிவிலோ இருக்கும், அதை ஹார்டுவேர் கடைப் பொருளால் சரிசெய்ய முற்படலாகாது.