தம்புராவுக்குப் பின்னால் யாருமில்லை

சில கிட்டார்களில் ஒலியளவுக் குமிழுக்குப் பக்கத்தில் இன்னொரு குமிழ் இருக்கும். அதைத் திருப்பினால் கையில் இருப்பது வேறு கிட்டாராகிவிடும். ஒரு திருப்பில் பழைய மார்ட்டின் அக்கூஸ்டிக், அடுத்ததில் பன்னிரண்டு தந்தி, அதற்கடுத்து பாஞ்சோ. 1995இல் ரோலண்ட் நிறுவனம் இதை விஜி-8 என்ற பெட்டியாகக் கொண்டுவந்தது. 2000களின் தொடக்கத்தில் லைன் 6 நிறுவனத்தின் வேரியாக்ஸ், அந்த வேலையைக் கிட்டாருக்குள்ளேயே வைத்தது. மந்திரம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு தந்திக்கு அடியிலும் ஒரு பீசோ உணரி, உள்ளே ஒரு சில்லு. இந்த அதிர்வு ஒரு மரப்பெட்டிக்குள் போயிருந்தால் எப்படி வெளியே வந்திருக்கும் என்று அந்தச் சில்லு கணக்குப் போட்டு அனுப்புகிறது. அவ்வளவுதான்.

பின்னால் வந்த மாடல்களில் சுருதிக்கும் குமிழ் வந்துவிட்டது. டேவி கிரஹாம் 1960களில் பிரபலமாக்கிய டி-ஏ-டி-ஜி-ஏ-டி சுருதி வேண்டுமென்றால் சாதாரணக் கிட்டாரில் மூன்று தந்திகளைத் தளர்த்த வேண்டும். தளர்ந்த தந்தி விரலுக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுருதி விலகும். குமிழ் கிட்டாரில் தந்தி அசைவதே இல்லை, கணக்குதான் மாறுகிறது. ஸ்பீக்கரைக் குறைத்து வாசித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: கைக்குப் பக்கத்தில் தந்தி ஒரு சுருதியில் முனக, ஸ்பீக்கரில் இன்னொரு சுருதி கேட்கும். ஆனால் சிங்கப்பூர் அடுக்குமாடியில் இரவு பத்தரைக்கு மேல் யார் ஸ்பீக்கர் வைக்கிறார்கள்? ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் இந்த முரண்பாடும் காதில் விழாது.

இது பொய்யா என்று நண்பர்களோடு பலமுறை பேசியிருக்கிறோம். பொய் இல்லை என்பதே என் கட்சி. வாசிப்பவர் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார். தப்பாக வாசித்தால் தப்பாகத்தான் கேட்கும். எனக்கு உறுத்துவது வேறு.

வேரியாக்ஸில் ஒரு மாடலின் பெயர் கோரல் சித்தார். அசல் கோரலே ஒரு நகல்தான். 1967இல் வின்னி பெல் என்ற கிட்டார்க்காரரோடு சேர்ந்து டேன்எலெக்ட்ரோ நிறுவனம் செய்தது. சித்தாரின் அந்த ரீங்காரம் வேண்டுமென்பதற்காகக் கிட்டாரின் குதிரையைத் தட்டையாக்கித் தந்தியை அதில் உரசவிட்டார்கள். ஆக வேரியாக்ஸில் நாம் கேட்பது நகலின் நகல். இரண்டும் துரத்துவது ஒரே ரீங்காரத்தைத்தான். நம் தம்புராவில் அதற்குத் தனிப் பெயரே உண்டு, ஜீவாளி. குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலை நுழைத்து, அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினால் ஓரிடத்தில் தந்தி திடீரென்று உயிர் பெறும்.

இது வெறும் ரசனை விவகாரமில்லை. 1921இல் சி. வி. ராமன் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு தந்தியை அதன் நடுவில் மீட்டினால் இரண்டாவது, நான்காவது ஹார்மோனிக்குகள் கேட்கக் கூடாது என்பது விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை கேட்கின்றன. வளைந்த குதிரைதான் அந்த விதியை மீறவைக்கிறது என்று காட்டினார். பொறியியல் படித்தவனுக்கு இந்த இடத்தில் கை துறுதுறுக்கும். காரணம் தெரிந்துவிட்டால் அதைச் செய்துவிடலாமே! செய்தும் விட்டார்கள். பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற, புல்லாங்குழலும் வாசிக்கும் ஒரு பொறியாளர் 1970களின் கடைசியிலேயே மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். இன்று அது கைப்பேசியில் ஒரு செயலி. இங்கே நான் போன கச்சேரிகளில் பெரும்பாலானவற்றில் பாடகருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிதான் இருந்தது. பின்னால் யாருமில்லை.

கிட்டாருக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். குமிழ் கிட்டாரில் ஒரு மரம் காணாமல் போகிறது. தம்புராப் பெட்டியில் ஓர் ஆள் காணாமல் போகிறார். (தேக்காவில் பூஜைச் சாமான் விற்கும் கடைகளில் நாள் முழுக்க மந்திரம் சொல்லும் பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கும். அதில் சொல்பவரும் இல்லை, சில வீடுகளில் கேட்பவரும் இல்லை. அது தனிக் கட்டுரை.)

அந்த ஆள் என்ன செய்தார்? நாலு தந்தியை, ப-ச-ச-ச என்று, தாளத்தோடு ஒட்டாமல், விட்டுப்போகாமல் மீட்டிக்கொண்டே இருந்தார். கைதட்டல் அவருக்கில்லை. ஆனால் அரங்கின் குளிரில் தந்தி இறங்கினால் அதை முதலில் கேட்பவர் அவர்தான். குனிந்து பிருடையைத் திருப்புவார், இல்லையென்றால் பாடகர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். பெட்டி இறங்குவதே இல்லை. அதனால் யாரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

இப்படி எழுதும்போதே எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. பழையதை நினைத்து உருகுவது சுலபம். செங்காங்கில் தன் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தரும் அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "பின்னாடி உட்கார்ந்தே கத்துக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க தம்பி. நான் ஊர்ல எட்டு வருஷம் உட்கார்ந்தேன். கால் மரத்துப்போனதுதான் மிச்சம். முன்னாடி உட்கார வச்சது ஒரே ஒரு தடவை." அவர் கையில் இருந்த ஐபேடில் தம்புரா ஓடிக்கொண்டிருந்தது. அது இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் பாட்டுக்கே வந்திருக்க மாட்டார்கள் என்றார். உண்மைதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் பலா மரத்தில் தஞ்சாவூர்த் தம்புரா வாங்கி நாலறை வீட்டில் எங்கே வைப்பது?

அப்படியென்றால் இயந்திரம் அவரை விடுவித்ததா? அப்படியும் சொல்ல முடியவில்லை. பின்வரிசையில் இருந்தவரை அது முன்வரிசைக்குக் கொண்டுவரவில்லை, பின்வரிசையையே எடுத்துவிட்டது. அவருக்கு நடந்த அநியாயம் தீரவில்லை, அது நடந்த இடம் இல்லாமல் போயிற்று. இரண்டும் ஒன்றல்ல.

என் வேலை கட்டடங்களில் உணரிகள் பொருத்துவது. பம்பு அறையில் ஒன்றைப் பொருத்தினால் ராத்திரி சுற்றிவரும் அங்கிள் வர வேண்டியதில்லை. அவர் என்ன செய்கிறார் என்று ஆவணத்தில் ஒரு பட்டியல் போடுவோம்: அழுத்தமானியைப் பார்க்கிறார், குறிக்கிறார், கசிவு இருந்தால் சொல்கிறார். மூன்றையும் உணரி செய்யும், இன்னும் துல்லியமாகவே செய்யும். பட்டியல் சரியானதுதான். ஆனால் அதைப் போட்டவர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரிந்ததை மட்டும்தான் போட்டோம். தம்புராவுக்கும் இப்படித்தான் ஒரு பட்டியல் போடப்பட்டிருக்க வேண்டும். அதில் ஒலி இருந்தது. ராமனின் ஹார்மோனிக்குகள்கூட இருந்தன. காது கொடுத்துக் காத்திருப்பது என்ற வரி இருந்திருக்காது, ஏனென்றால் அது ஒலியில் பதிவாவதில்லை.

வயலின் நம்மிடம் வந்தபோது அதற்கும் சுருதி மாற்றினார்கள். பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த மாற்றம். ஐரோப்பாவின் ஜி-டி-ஏ-இ போய்ப் பாடுபவரின் குரலுக்கேற்ற ச-ப-ச-ப வந்தது. வாசிப்பவர் தரையில் உட்கார்ந்தார், வயலினின் தலை வலது காலில் ஊன்றியது, இடது கை கழுத்தில் வழுக்கி ஓடக் கற்றுக்கொண்டது. அங்கே சுருதியோடு சேர்ந்து ஆளும் மாறினார். குமிழ் அதைக் கேட்பதில்லை. கேட்காதது அதன் வசதி, அதனால்தான் எனக்கும் அது பிடித்திருக்கிறது.

அந்த அக்கா வீட்டில் ஒரு பழைய தம்புரா இருக்கிறது. சனிக்கிழமைகளில் முதல் இருபது நிமிடம் பிள்ளைகள் மாறி மாறி அதற்குச் சுருதி சேர்க்க வேண்டும். ஒருவர் பிருடையைத் திருப்பும்போது மற்றவர்கள் பேசக் கூடாது. பிறகு அதை மூலையில் சாத்திவிட்டு, ஐபேடைப் போட்டுக்கொண்டுதான் பாடுகிறார்கள். மணிக்கணக்குக்குக் காசு கட்டுறோம், பாடாமலே இருபது நிமிஷம் போகுதே என்று சில பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். இப்போது வகுப்பை இருபது நிமிடம் முன்னதாகவே ஆரம்பித்துவிடுகிறார். அந்த நேரத்துக்குக் காசு வாங்குவதில்லை.