விளக்கின் மேல் என்ன குற்றம்?

பழைய மோட்டார் வண்டியில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் நாம் விளக்கைத்தான் முதலில் குறை சொல்கிறோம். பல்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போடுகிறோம். அதுவும் மங்கலாகவே எரிகிறது. அதற்கும் ஏச்சுக் கிடைக்கிறது.

2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடரை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் பேட்டரியிலிருந்து வயர் வழியாக விளக்குக்குப் போகிறது. திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் தனி வயர் கிடையாது; வண்டியின் இரும்பு உடம்பே பாதை. இதைத்தான் எர்த் என்கிறார்கள். விளக்கின் கூடு உடம்போடு சேரும் இடத்தில் துரு ஏறிவிட்டால் பாதை அடைபடுகிறது. அடைபட்ட மின்சாரம் சும்மா இருப்பதில்லை. அடுத்த விளக்கின் இழைக்குள் புகுந்து வெளியேறப் பார்க்கிறது. பிரேக்கை மிதித்தால் பக்கத்து விளக்கு லேசாக மினுக்கும். துருப்பிடித்தது ஒரு திருகு. பழி சுமப்பதோ விளக்குகள்!

ஃப்யூஸின் கதை இதைவிடப் பரிதாபம். ஆபத்து வரும்போது முதலில் தான் எரிந்து வண்டியைக் காப்பதுதான் அதன் வேலை. அது எரிந்தால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைத்துவிட்டுப் புறப்படுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். எச்சரித்தவனின் வாயைப் பொத்திவிட்டு நிம்மதியாகப் பயணம் போகிறார்கள். பிறகு வயரின் உறை உருகுகிறது. சில வேளை வண்டியே எரிகிறது.

வண்டியோடு நிற்கும் விஷயமா இது? பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் கழிவு நிலத்தில் இறங்கி, கிணறுகள் கெட்டன. கிணறு கெட்டால் என்ன செய்தோம்? இன்னும் ஆழமாகத் தோண்டினோம். பல்பை மாற்றுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பழுது எங்கே கிடக்கிறதோ அங்கே கையை வைத்த தீர்ப்பு அது. ஆனால் அந்தத் தொழிலில்தான் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஆயிரக்கணக்கான அடுப்புகள் எரிகின்றன என்பதையும் நான் மறந்துவிடவில்லை. வயரை வெட்டி எறிவதும் பழுது பார்ப்பதும் ஒன்றல்லவே.

பழுது தேடுவது எத்தனை பொறுமையான வேலை என்பதை ஆம்பூரில் ஒரு வயரிங்காரரிடம் பார்த்தேன். எரிந்த ஃப்யூஸின் இடத்தில் ஒரு பல்பை இணைத்தார். எங்கோ ஷார்ட் இருந்ததால் பல்பு பளிச்சென்று எரிந்தது. பின்பு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தார். ஹார்ன் வயரைக் கழற்றியதும் பல்பு அணைந்தது. ஓட்டை ஒன்றின் கூரான விளிம்பில் உராய்ந்து அதன் உறை தேய்ந்திருந்தது. அரைநாள் தேடல், ஒரு சாண் நாடா சுற்றியதும் வேலை முடிந்தது.

"ஒரு சாண் நாடாவுக்கா பாய் இவ்வளவு கேட்கிறீர்கள்?" என்றார் வண்டிக்காரர்.

"நாடா சும்மாதான் முதலாளி. இடத்தைக் கண்டுபிடித்ததற்குத்தான் காசு" என்றார் அவர்.

நியாயம் என்றுதான் எனக்குப் பட்டது. புதிய பல்பு நாலு விற்றிருந்தால் வண்டிக்காரர் பேசாமல் கொடுத்திருப்பார். கையில் ஒரு பொருள் வருகிறதே!

ஆனால் ஒரு சங்கடம் மிஞ்சியது. நாள் முழுதும் தேடியும் பழுது அகப்படாவிட்டால்? அன்று என்ன வாங்குவீர்கள் என்று கேட்டேன். "எப்படி வாங்குவது? ஒன்றும் செய்யவில்லையே" என்றார். எந்தெந்த வயரில் பழுது இல்லை என்று அன்று முழுதும் பார்த்து வைத்திருப்பாரே, அது ஒன்றும் இல்லையா? பாதிக் கூலியாவது வாங்க வேண்டும் என்று வாதாடினேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வண்டியின் பானெட்டைத் திறக்கப் போய்விட்டார்.