பெயருக்கு முன் எண்

கடைக்குச் சரக்கு வேண்டுமானால், முதலில் எத்தனை மூட்டை என்று சீட்டு எழுதுகிறோம். எந்த மூட்டை வந்து சேரும் என்று கேட்பதில்லை. வெங்காயத்திற்கும் பருப்பிற்கும் இது பொருத்தமான முறையே. ஆனால் ஓர் அரசாங்கம் மனிதர்களுக்கும் இப்படிச் சீட்டு எழுதினால் அதை என்னவென்பது? இது கற்பனைக் கேள்வியன்று, அன்பர்களே!

ஸ்டாலின் ஆண்ட சோவியத் நாட்டில், 1937ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி, உள்நாட்டு இலாகாத் தலைவர் யெஷோவ் ஓர் இரகசிய உத்தரவில் கையொப்பமிட்டார். அதன் எண் 00447. முன்னாளில் வசதியாக இருந்த குடியானவர்கள், மதபோதகர்கள், ஆட்சிக்கு விரோதிகள் எனக் கருதப்பட்டோர், குற்றவாளிகள் ஆகியோரைப் பிடித்து இரண்டு வகையாகப் பிரிக்கும்படி அது சொல்லிற்று. முதல் வகையார் சுடப்பட வேண்டியவர்கள். இரண்டாம் வகையார் 8 முதல் 10 ஆண்டு வரை முகாமில் அடைபட வேண்டியவர்கள். ஒவ்வொரு பிரதேசத்திற்கும் தொகை குறிக்கப்பட்டிருந்தது. உஸ்பெகிஸ்தானுக்கு முதல் வகையில் 750 பேர், இரண்டாம் வகையில் 4,000 பேர். செலவுக்கு 7 கோடியே 50 லட்சம் ரூபிள் ஒதுக்கினார்கள். அதில் 2 கோடியே 50 லட்சம் ரயில் கட்டணம். ஏற்றுக்கூலியைக் கூடத் தவறாமல் கணக்கிட்டவர்கள், பிடிபடப் போகிறவன் செய்த குற்றம் என்ன என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

எண் வந்துவிட்டது, இனிப் பெயர் தேட வேண்டியதுதான். மூவர் கொண்ட குழு தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவன் முன்னால் நிற்பதில்லை, வக்கீல் இல்லை, அப்பீல் இல்லை. குறித்த தொகையைக் குறைத்துக்கொள்ள உத்தரவே இடம் தந்திருந்தது. எனினும் பல பிரதேச அதிகாரிகள் இன்னும் அதிகம் வேண்டுமென்றே மேலிடத்திற்கு எழுதினார்கள். குறைத்துக் கேட்டால் தன் மீதே சந்தேகம் விழுமே என்ற அச்சம்! நான்கு மாத வேலை என்று தொடங்கியது, 1938 நவம்பர் வரை நீண்டது. இந்த ஓர் உத்தரவின்படி சுடப்பட்டவர்கள் மட்டும் 3 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல்.

இக்குழுவின் முன் வராத வழக்குகளும் இதற்குச் சளைத்தவையல்ல. புகாரா நகரில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தவர், எழுத்தாளர் அப்துர் ரவூப் ஃபித்ரத். அவர் 1938 அக்டோபர் 4ஆம் தேதி சுடப்பட்டார். அவருக்கு மரண தண்டனை விதித்த விசாரணை நடந்ததோ மறுநாள், 5ஆம் தேதி! பணத்தை எடுத்துக்கொண்டு பிறகு சிட்டை எழுதுகிற கணக்கப்பிள்ளையை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்?

"பெரிய நன்மைக்காகச் சிலர் அழிவது தவிர்க்க முடியாதது" என்று வாதிப்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். வியாபாரி நஷ்டத்தை ஏற்பதில்லையா என்றும் கேட்பார்கள். ஏற்கிறான், ஆனால் தன் முதலிலிருந்து ஏற்கிறான். அடுத்தவன் முதலை எடுத்துத் தன் நஷ்டக் கணக்கில் எழுதுவதற்குத் திருட்டு என்று பெயர். பிறர் உயிரை எழுதுவதற்கு என்ன பெயர்?

எண் முந்திக்கொண்டால் நீதிக்கு வேலையே இல்லை. நீதி என்பது ஒவ்வொருவனையும் தனித்தனியே தராசில் வைப்பது. கூட்டத்தை மொத்தமாக நிறுப்பதற்கு எந்தத் தராசும் இல்லை. உத்தரவில் கையொப்பமிட்ட யெஷோவும் 1940 பிப்ரவரியில் சுடப்பட்டார். அவரும் மற்றொருவர் பட்டியலில் ஓர் எண்ணாகிப் போனார்.

எங்கோ நடந்தது, நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. கல்லாவில் பணம் குறைகிறது. "யாராவது ஒரு பையனை நிறுத்தியாக வேண்டும்" என்று முதலாளி முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு ஆளைத் தேடுகிறார். "அந்த ஊர்க்காரர்கள் எல்லோருமே இப்படித்தான்" என்கிறோம், ஒருவனையும் விசாரியாமல். அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்தான்; ஆனால் புத்தி ஒன்றே. முதலில் ஆளைக் கேளுங்கள், அவன் சொல்லைக் கேளுங்கள். பிறகு கணக்கை எழுதுங்கள்.