கையில் பிடித்த செருப்பு

சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் ஒன்பது தளம். கண்ணாடி வழியாக வெளிச்சம் கொட்டுகிறது. யாரும் சாதி கேட்பதில்லை. அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். “போட்டுக்கிட்டே போங்கம்மா” என்றார் வாட்ச்மேன்.

அறிவுக்குச் செய்யும் மரியாதை என்று இதைச் சிலர் மெச்சக்கூடும். நமக்குத் தெரியும். ஊர்த்தெருவைக் கடக்கும்போதெல்லாம் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிய உடம்பு அது. எங்கள் ஊர் நூலகமும் அந்தத் தெருவில்தான் இருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. சேரியிலிருந்து ஒருத்தரும் போனதில்லை.

கதவைத் திறந்து வைத்தால் போதுமா? மகத் சவுதார் குளத்தை நகராட்சி 1924லேயே எல்லாருக்கும் திறந்துவிட்டது. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் சனங்களோடு போய் அள்ளிக் குடிக்கும்வரை அந்தத் தீர்மானம் வெறும் காகிதம். ‘யாரு தடுத்தா?’ என்பது தடுத்தவர்களுக்கு வசதியான கேள்வி. தடை தெருவிலிருந்து நம் காலுக்குள் இறங்கிவிட்டது. அதை யார் எடுப்பது? கட்டடம் எடுக்காது. நாம் நடந்துதான் எடுக்க வேண்டும்.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். “சத்தம் கேக்குதுடா” என்றாள்.

கேக்கட்டும்மா.