தாங்குபவனின் வாய்மை

குடும்பத்தைத் தாங்குவது ஆண்மகனின் கடமை என்று நம் முன்னோர் வகுத்தது வீண்பெருமைக்காக அன்று. ஒருவன் தோள் கொடுத்தால்தான் பலர் நிமிர்ந்து வாழ முடியும் என்ற பட்டறிவில் விளைந்த நெறி அது. ஆனால், தாங்கும் தோளுக்கு நோவு உண்டு என்று வாய்விட்டுச் சொல்வது அக்கடமைக்கே இழுக்கு என்னும் பிழையான எண்ணமும் அந்நெறியோடு சேர்ந்தே வளர்ந்துவிட்டது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் அந்த எண்ணத்துக்காக நம் வீடுகள் கொடுத்த விலை பெரிது.

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. திருமணங்களுக்கு ஐம்பது பேருக்குமேல் கூடலாகாது என்று பின்னர் வரம்பு வந்தபோது, முகூர்த்தப் புடைவையை நம்பி வாழும் காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவரின் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்போம். வழக்கம்போல் விடியலில் குளித்துத் திருநீறு பூசித் தறிக்குழியில் காலை இறக்கி அமர்கிறார், நாடா ஓடவில்லை. பாவின்மேல் படிந்த தூசியைத் தட்டிவிட்டு, இழைகளைச் சரிபார்ப்பவர்போல் நெடுநேரம் குனிந்திருக்கிறார். “நாளைக்கு நூல் வந்துவிடும்” என்று மனைவியிடம் சொல்கிறார். வராது என்பது இருவருக்குமே தெரியும். வங்கிக் கடன் தவணைகளை 2020 ஆகஸ்டு இறுதிவரை ஒத்திவைக்க வழி செய்யப்பட்டது. தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. உறக்கமற்ற இரவுகளில் அக்கணக்கை அவர் ஒருவராகவே போட்டுக்கொண்டிருக்கிறார்.

இவ்வாறு அடக்கிவைத்த துயர் அழுகையாக வெளிவருவது அரிது. பிள்ளைமேல் பாயும் சினமாகவும், குடியாகவும், எதிலும் பற்றற்ற வெறுமையாகவும் அது உருமாறுகிறது. தேசியக் குற்றப் பதிவு வாரியத்தின் கணக்குப்படி, 2020இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தோர் 1,53,052 பேர்; அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் ஆண்கள். அடுத்த ஆண்டு அத்தொகை 1,64,033 ஆக உயர்ந்தது. அவர்களில் நால்வரில் ஒருவர் நாட்கூலித் தொழிலாளி. இத்தனை இறப்புக்கும் தொற்று ஒன்றே காரணம் என்று சொல்வது முறையாகாது. ஆண்களே மிகுதியாக மாள்வது அதற்கு முன்பும் உண்டு. நெடுநாளாக இருந்துவந்த நோயைப் பெருந்தொற்று மேலும் கடுமையாக்கியது என்பதே பொருந்தும்.

தன்னடக்கம் உயர்ந்த அறம், அதில் ஐயமில்லை. சினத்தை அடக்குவதும் ஆசையை அடக்குவதும் பிறரைக் காக்கின்றன. உண்மையை அடக்குவதோ எவரையும் காப்பதில்லை. வாழ்வின் இன்பதுன்பங்களில் சரிபாதி உரிமை பெற்றவளிடம், இல்லாத நலத்தை இருப்பதாகச் சொல்வது, எத்துணை அன்பினால் சொன்னாலும், வாய்மைக்குக் குறைவே. அதனால் அவள் தன் பங்குக்குச் சுமக்கும் வாய்ப்பையும் இழக்கிறாள். இருவர் தாங்கக்கூடிய பாரம் ஒருவனை முறிக்கிறது.

வீட்டாருக்கும் கடமை உண்டு. வருவாய் குன்றிய நாளில் அவன் மதிப்பும் குன்றிவிட்டதாக ஒரு சொல்லும் எழலாகாது. “ஆம்பளை அழலாமா?” என்ற கேள்வி அறவே ஒழிய வேண்டும். மனம் நலிந்தால் மருத்துவரை நாடுவது, காய்ச்சலுக்கு நாடுவதைப் போன்றதே. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம். அவ்வுதவியை நாடுவது தளர்ச்சி அன்று. தன்னை நம்பியவர்களுக்காகத் தன்னைக் காத்துக்கொள்ளும் பொறுப்பு.

ஒருவனுடைய ஒழுக்கத்தின் பயன் அவன் வாழ்நாளோடு முடிவதில்லை. துயரை விழுங்கிச் சிடுசிடுத்த தந்தையிடம் மகன் கற்பது மௌனத்தை. முப்பது ஆண்டு கழித்துத் தன் மனைவி மக்களிடமும் அதையே காட்டுவான். “இம்மாதம் முடியவில்லை, என்ன செய்யலாம், சொல்லுங்கள்” என்று வீட்டாரை அமரவைத்துக் கேட்ட தந்தையிடம் அவன் கற்பதோ, கடமையும் வாய்மையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை. கொள்ளைநோய்கள் இனியும் வரலாம். அன்று அம்மகனைக் காக்கப்போவது தந்தை சேர்த்துவைத்த பொருளைவிட, தந்தையிடம் கற்ற அந்த நேர்மையே.